வளர்ந்த பிறகு தேடிப் போய்க் கேட்பது

எம்.எஸ்ஸி. உளவியல் ஆய்வேட்டுக்குச் ‘சிறுவயதுக் கொடுமையின் நீண்டகாலப் பாதிப்பு’ என்று தலைப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் போகிறார்கள். நூற்றைம்பது பேருக்கு கூகுள் படிவம் அனுப்பி, சின்ன வயதில் நடந்ததையும் இப்போதைய மனச்சோர்வையும் ஒரே மூச்சில் கேட்டு, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் எடுத்துக் காட்டிவிடுவார்கள். இன்றைக்கு மனம் நொந்திருப்பவர் பழையதை நினைக்கிற விதமே வேறு. எதனால் எது வந்தது என்று அந்தப் படிவம் ஒருநாளும் சொல்லாது.

மாற்று வழியில் போனவர் நியூயார்க் ஜான் ஜே கல்லூரிப் பேராசிரியர் கேத்தி ஸ்பாட்ஸ் வைடம். முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரே கூட்டத்து மனிதர்களைப் பின்தொடர்ந்தவர். அமெரிக்க மத்திய மேற்கில் ஒரு வட்டாரத்து நீதிமன்றங்களுக்கு 1967 முதல் 1971 வரை வந்த குழந்தைக் கொடுமை, கவனிப்பின்மை வழக்குகளிலிருந்து, 11 வயது வரையிலான 908 குழந்தைகளை எடுத்தார். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஈடாகக் கொடுமைப் பதிவு இல்லாத 667 பேர். அந்த ஈடு பார்த்த விதத்தில்தான் வேலையே இருக்கிறது. பள்ளிக்குப் போகும் குழந்தை என்றால் அதே பள்ளி, அதே வகுப்பு, அதே பாலினம், அதே இனம், பிறந்த தேதி முன்பின் ஆறு மாதம். பள்ளி வயது வராத குழந்தைக்குப் பிறப்புப் பதிவிலிருந்து, முன்பின் ஒரு வாரம். வறுமை செய்ததைக் கொடுமையின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்கத்தான் இத்தனை பாடு.

1989இல் சயின்ஸ் இதழில் வந்த முடிவு: சிறார் பருவத்தில் கைதானவர்கள் கொடுமைக்கு ஆளான குழுவில் 26 சதவீதம், ஈட்டுக் குழுவில் 17. அடி வாங்கி வளர்ந்தவன் அடிக்கத்தான் செய்வான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைத் திருப்பியும் படிக்கலாம்: நூற்றுக்கு 74 பேர் கைதாகவில்லை. அடிக்காமலே, கவனிப்பில்லாமல் கைவிடப்பட்ட குழந்தைகளிடமும் பாதிப்பு தெரிந்தது என்பது பலரும் தாண்டிப் போகிற செய்தி.

அடுத்து, இரு குழுவிலும் சேர்த்து 1,575 பேரையும் அவர்கள் வளர்ந்த பிறகு தேடிப் பிடிக்கும் வேலை. 1,307 பேர் கிடைத்தார்கள், 1,196 பேர் பேசினார்கள். யார் எந்தக் குழு என்பது பேட்டி எடுத்தவருக்கே தெரியாது. பேட்டி கொடுத்தவரிடமும் ‘அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் வளர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வு’ என்றுதான் சொன்னார்கள்.

நினைவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று போதும். அப்போதே பதிவான கொடுமையை, வளர்ந்தபின் கேட்டால் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொல்வதில்லை. வளர்ந்தபின் சொல்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பழைய பதிவு இல்லை. அதற்காக நினைவைத் தூக்கி எறியவும் முடியாது. வைடமும் லண்டன் மனநல ஆய்வாளர் ஆண்ட்ரியா டனேசியும் 2020இல் காட்டியபடி, மனநோயோடு அதிகம் ஒட்டி நிற்பது அவரவர் சொல்லும் நினைவுதான். இரண்டையும் தனித்தனியே எடுத்து, தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும்.

சரி, நம் சேலம் மாவட்டத்தில் இப்படி ஓர் ஆய்வை எப்படிச் செய்வது? பதிவு குழந்தைகள் நலக் குழுவிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் இருக்கும். அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆகவே ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் துறையின் எழுத்து அனுமதியும் இல்லாமல் ஒரு கோப்பையும் தொடாதீர்கள். ஈட்டுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு உதவும். அதில் உள்ள பிறந்த தேதியைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். வயதைக் கூட்டியோ குறைத்தோ சேர்த்த கதை நம் ஊரில் ஏராளம். பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன தாயைக் ‘கவனிப்பின்மை’ என்ற கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். பாட்டி சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் அது ஏற்பாடு, கைவிடல் இல்லை.

ஆள் கைநழுவுவது, மறுபடி தேடிப் போகும் இரண்டாம் சுற்றில்தான். தறி ஓடாவிட்டால் குடும்பமே ஊர் மாறும், சிம் கார்டு அதற்கு முன்பே மாறிவிடும். முதல் சந்திப்பிலேயே வேறு வீடுகளில் இருக்கும் மூன்று பேரின் எண்ணை வாங்குங்கள், அதில் ஒருவர் தாய்மாமனாகவோ அத்தையாகவோ இருக்கட்டும். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ரேஷன் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண்களின் இனிஷியல் மாறியிருக்கலாம்.

ஏற்காட்டில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேட்டி எடுப்பது தனிக் கலை. ஒரே அறை, பக்கத்து வீட்டுக்குக் குரல் கேட்கும். ‘என்ன கண்ணு, என்ன கேக்குறாங்க?’ என்று மாமியார் உள்ளே வருவார். அதற்காகவே மேலே ஒரு போலிப் படிவம் இருக்க வேண்டும்: சர்க்கரை, ரத்த அழுத்தம், குடிநீர் பற்றிய கேள்விகள். ஆள் வந்ததும் அதற்குத் தாவிவிட வேண்டும். முடிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மூலை கேளுங்கள். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் போனால் யாரும் உட்கார மாட்டார்கள்.

‘உங்களைக் கொடுமைப்படுத்தினார்களா?’ என்று கேட்டால் ‘இல்லைங்க, கண்டிச்சு வளர்த்தாங்க’ என்றுதான் வரும். ‘18 வயசுக்கு முன்னாடி யாராச்சும் பெல்ட்டு, கரண்டி, குச்சி எதுலயாச்சும் தழும்பு விழற மாதிரி அடிச்சாங்களா? எத்தனை தடவை?’ என்று நடந்ததைக் கேளுங்கள். வேலை, உடல்நலம் கேட்டுப் பாதி தாண்டிய பிறகே இது வர வேண்டும். இதிலேயே பேட்டியை முடிக்கவும் கூடாது. வேறு லேசான கேள்விக்கு வந்துதான் எழுந்திருக்க வேண்டும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு ஆய்வாளருக்கும் பொருந்தும். 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், நடக்கும் என்று அச்சம் இருந்தாலும்கூட, காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். நாற்பது வயதுப் பெண் பழையதைச் சொல்லும்போது, அதே ஆள் இருக்கும் வீட்டில் இன்று ஒரு சிறுமி வளர்கிறாள் என்று தெரிந்தாலும் இந்தக் கடமை வரும். ரகசியம் காப்போம் என்று மொத்தமாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட, ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098 மட்டும் அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் என்ன பேசினாய் என்று குடைவார்கள். 108, 104, பெண்கள் உதவிக்கான 181, மனநல உதவிக்கான 14416 எண்களோடு சேர்த்து, ‘அவசர உதவி எண்கள்’ என்ற தலைப்பில் ஒரே தாளில் அச்சடித்து, அந்த லைனில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.