தணிக்கை நிறுவனத்தில் கன்சல்டிங்: ஆஃபர் கடிதம் முதல் முதல் ப்ராஜெக்ட் வரை

டெலாய்ட், பிடபிள்யுசி, இஒய், கேபிஎம்ஜி என்ற நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் எதற்கு விண்ணப்பித்தாலும் முதல் கேள்வி, "எந்தப் பிரிவு?" என்பதுதான். கன்சல்டிங் என்ற ஒரே பலகைக்குக் கீழே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் நடக்கின்றன. வியூக ஆலோசனைக்குத் தனிக் குழுக்கள் உண்டு: டெலாய்ட்டில் மானிட்டர், பிடபிள்யுசியில் ஸ்ட்ராட்டஜி அண்ட், இஒய்யில் பார்த்தினான். மூன்றுமே 2013, 2014-இல் வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த நிறுவனங்களிலிருந்து வந்தவை. ஆள் எடுக்கும் முறையும் பெரும்பாலும் தனிதான். மீதி வேலையில் பெரும்பங்கு மென்பொருள் அமலாக்கம், நிதித்துறைச் சீரமைப்பு, ரிஸ்க். ஆஃபர் கடிதத்தில் பிரிவின் பெயர் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்பு அவ்வளவு சுலபமாகப் பலிக்காது.

நேர்காணலில் கேஸ் கேள்வி, அதாவது ஒரு வியாபாரச் சிக்கலைக் கொடுத்து அலசச் சொல்லும் கேள்வி, வரும். "லாபம் குறைகிறது, ஏன்?" என்றால் வருமானத்தை விலை, அளவு என்றும் செலவை நிலையானது, மாறுவது என்றும் பிரிப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் சறுக்குவது அதற்குப் பிறகு. எண்களைக் கேட்டு வாங்காமல் மனப்பாடக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். முடிவு என்னவென்று கேட்டால் "இன்னும் ஆராய வேண்டும்" என்பார்கள். பாதித் தகவலை வைத்தாவது ஒரு பரிந்துரை சொல்லுங்கள், அது எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்து.

சேர்ந்ததும் முதல் அதிர்ச்சி இண்டிபெண்டன்ஸ் படிவம்: தணிக்கை செய்யப்படும் கம்பெனிகளோடு உங்களுக்குப் பண உறவு இல்லை என்று காட்டுவது. கையிலுள்ள பங்குகள், ஃபண்டுகள், கடன்கள் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பெரும்பாலும் கணவன் அல்லது மனைவியுடையதையும். நிறுவனம் தணிக்கை செய்யும் கம்பெனியின் பங்கு இருந்தால் விற்கச் சொல்வார்கள், விலை இறங்கியிருந்தாலும்தான். இதை வெறும் சடங்கு என்று தள்ளிப்போடுவது கெட்ட யோசனை. என்ரான் கம்பெனியின் கணக்கு மோசடி விவகாரத்துக்குப் பிறகு 2002-இல் அமெரிக்காவில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், தணிக்கை செய்யும் கம்பெனிக்கே பலவகை ஆலோசனைச் சேவைகளை விற்பதைத் தடுத்தது. அதை ஒட்டி, 2000-க்கும் 2002-க்கும் இடையில், இஒய் தன் கன்சல்டிங்கை கேப்ஜெமினிக்கும், பிடபிள்யுசி ஐபிஎம்முக்கும் விற்றன. கேபிஎம்ஜி தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. கையோடு வைத்துக்கொண்டது டெலாய்ட் மட்டும். மற்றவை பிறகு மறுபடி கட்டியெழுப்பியவை. ஒரு நல்ல ப்ராஜெக்ட் வாசல் வரை வந்து கான்ஃப்ளிக்ட் செக்கில் (இப்படிப்பட்ட முரண் உண்டா என்று பார்க்கும் சோதனையில்) நின்றுபோனால் காரணம் இதுதான்.

வேலை கிடைத்தால் ப்ராஜெக்டும் கிடைத்த மாதிரி அல்ல. வாரம் 40 மணி வீதம் ஆண்டுக்கு 2080 மணி. இலக்கு 80 சதவீதம் என்று வைத்தால் 1664 மணி வாடிக்கையாளர் கோடில், அதாவது வாடிக்கையாளர் வேலைக் கணக்கில், ஏற வேண்டும். விடுப்பு, பயிற்சி, பெஞ்ச் (ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் நேரம்) எல்லாம் மீதி 416-க்குள். பெஞ்சில் இருக்கும்போது ஸ்டாஃபிங் மேனேஜருக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களைவிட, ஒரு மேனேஜரின் ப்ரபோசலுக்கு இரண்டு நாள் உழைத்துக் கொடுப்பவர்களுக்கே சீக்கிரம் அழைப்பு வருகிறது. இன்னொன்று: பட்ஜெட் தாண்டிவிடும் என்று உழைத்த மணிகளை டைம்ஷீட்டில் மறைக்காதீர்கள். 60 மணி வேலையை 45 என்று போட்டால் அடுத்த ப்ராஜெக்டுக்கும் 45-தான் ஒதுக்குவார்கள்.

முதல் மாதம் பெரும்பாலும் எக்செலிலும் ஸ்லைடிலும் கழியும். "கிளைவாரி விற்பனை" என்று தலைப்பிட்ட ஸ்லைடு திரும்பி வரும். "சரிவில் பாதிக்கு மேல் இரண்டே கிளைகளில்" என்று போட்டால் நிற்கும். அதைவிட ஆபத்தானது கூட்டுத்தொகை. 4-ஆம் பக்கத்தில் 47.3 கோடி, 11-ஆம் பக்கத்தில் 47.8 கோடி என்றிருந்தால் வாடிக்கையாளரின் நிதித் தலைவர் மற்ற எதையும் பார்க்க மாட்டார். பெரும்பாலும் பிழை கணக்கில் இருக்காது: ஒரு கோப்பு பில் போட்ட தேதிப்படி, மற்றது சரக்கு அனுப்பிய தேதிப்படி. தரவு வாங்கும் அன்றே எந்தத் தேதி என்று கேட்டு, ஷீட்டின் முதல் வரியில் எழுதி வையுங்கள்.