ஒன்று விட்டு ஒன்று தடித்த கம்பிகள்

நரம்புக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். முதன்முதலாக என் மேசைக்கு ஒரு பழைய ஸிதர் வந்த அன்று நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. சிதார் இல்லை, ஸிதர். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து வாத்தியம். தட்டைப் பெட்டி, மேசையில் படுக்க வைத்து வாசிப்பது. வாசிப்பவர் பக்கம், வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் பதித்த பலகைமேல் ஐந்து கம்பி. அதற்கு அப்பால் மெட்டே இல்லாமல் இருபத்தைந்து, முப்பது, சிலதில் இன்னும் அதிகம். இடதுகை அந்த ஐந்தில் பாட்டைப் பிடிக்க, வலதுகைக் கட்டைவிரல் அதை மீட்டும்; மற்ற விரல்கள் துணைக்கம்பிகளில் ஓடும்.

வந்த கருவியில் பாதிக் கம்பிதான் மிச்சம். துணைக்கம்பிகளைப் பார்த்தால் ஒன்று தடிமன், அடுத்தது மெலிது, மறுபடி தடிமன். முன்னால் வைத்திருந்தவர் கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஹார்ப் மாதிரி மெலிதிலிருந்து தடிமனுக்கு வரிசையாகப் போகவேண்டும் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் வெட்டிக் குப்பையில் போட்டேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் கம்பிகள் சுருதி உயரப்படி அடுக்கப்பட்டவை அல்ல. ஒரு கம்பி ச என்றால் அடுத்தது அதன் ப, அந்தப் ப-வை ச-வாக வைத்தால் அடுத்தது அதற்குப் ப, இப்படியே பன்னிரண்டு சுரமும் ஒரு சுற்று. மியூனிக்கில் நிக்கோலாஸ் வைகல் 1838-இல் முன்வைத்த ஏற்பாடு இது. பன்னிரண்டையும் ஒரு ஸ்தாயிக்குள் அடக்கவேண்டும் என்பதால் பஞ்சமம் ஏறி, அடுத்ததற்கு இறங்கி, திரும்ப ஏறி என்று போகும்; கம்பியின் தடிமனும் கூடவே ஏறி இறங்கும். பக்கத்துப் பக்கத்து ஐந்து கம்பிக்குள் ஒரு மேஜர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரம், முழுசாக இருக்கும், கை எங்கும் தாவவேண்டாம். நான் குப்பை என்று நினைத்தது சரியான வரிசை. வெட்டிய துண்டுகளைத் தேடி எடுத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, எது எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டே அரைநாள் போனது.

மெட்டுப் பலகையின் ஐந்து கம்பிக்கு இரண்டு வழக்கம் உண்டு. மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால், மியூனிக் முறையில் ஏ, ஏ, டி, ஜி, சி. வியன்னா முறையில் ஏ, டி, ஜி, ஜி, சி. இதில் மூன்றாவதாக வரும் ஜி இரண்டாவது டி-யைவிட உயர்ந்தது. எது 'சரி' என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, கருவியைப் பார்க்கிறேன். கம்பி உட்காரும் பள்ளங்களில் மூன்றாவது, இரண்டாவதைவிடக் குறுகலாக இருந்தால் வியன்னாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பள்ளம் தேய்ந்து குழம்பியிருந்தால், வாசிக்கப்போகிறவர் எந்த முறைப் பாடப் புத்தகம் வைத்திருக்கிறார் என்று கேட்டால் போதும். இதில் கௌரவப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

உண்மையான தலைவலி இழுவிசை. நீளம் 42 செ.மீ., தடிமன் 0.33 மி.மீ. உள்ள எஃகுக் கம்பியை நொடிக்கு 440 அதிர்வுள்ள ஏ-க்கு ஏற்றினால் சுமார் 9 கிலோ இழுக்கும். முப்பது கம்பி, ஒவ்வொன்றும் ஏழு கிலோ என்று வைத்தாலே 200-ஐத் தாண்டிவிடும். நூறு வருஷத்துப் பசை அதைத் தாங்கவேண்டும். இரண்டாவதாக வந்த ஸிதரில் ஒரு பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக முழுச் சுருதிக்கு ஏற்றிக்கொண்டே போனேன். பதினெட்டாவது கம்பியில் 'டிக்' என்று ஒரு சத்தம். கம்பி முறுக்கும் ஆணிகள் பதிந்த ஆணிக்கட்டைக்கும் மேல்பலகைக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. தப்பு முழுக்க என்னுடையது.

இப்போது எல்லாக் கம்பியையும் முதலில் தொய்வாக மாட்டுகிறேன். பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரு முழுச் சுரம் கீழே நிறுத்தி, சில நாள் விட்டுவைப்பேன். ஒரு கம்பியை ஏற்றினால் முன்பு ஏற்றியது இறங்கும். நாலைந்து சுற்று இல்லாமல் ஸிதர் நிற்காது.

பலகை பலவீனமாக இருந்தால் மெல்லிய கம்பி போடலாம். 0.33-க்குப் பதில் 0.30 என்றால் இழுவிசை ஆறில் ஒரு பங்கு குறையும். நாதமும் கொஞ்சம் ஒல்லியாகும். ஆனால் அறுந்துகொண்டே இருக்கும் கம்பிக்கு இது மருந்து இல்லை. ஒரே உலோகம் என்றால், அறுபடும் சுருதியை நிர்ணயிப்பது நீளம்தான், தடிமன் இல்லை. இதை நம்ப எனக்கே நாளாயிற்று. இன்னொரு வழி, சாதாரணக் கம்பியையே போட்டு மொத்தத்தையும் ஒரு சுரம் இறக்குவது. இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தனியாக வாசிப்பவருக்கு இதுதான் என் முதல் யோசனை.

போன முறை வந்த பெரியவர் அதற்குச் சம்மதித்துத்தான் கருவியை எடுத்துப் போனார். மறுநாளே போன்.

"தம்பி, முதல் கம்பியைத் தட்டினால் டியூனர் ஆப் ஜி என்று காட்டுகிறதே?"

"ஐயா, ஒரு சுரம் இறக்கி வைக்கலாம் என்று பேசினோமே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னணியில் டிங், டிங் என்று கம்பி சத்தம்.

"சரி, அப்படியானால் இரண்டாவதும் ஜி-யா?"

"இரண்டாவதும் ஜி."

"அது எஃப் ஷார்ப் காட்டுகிறது."

"இன்னும் ஒரு மாதம் அப்படித்தான் இறங்கும், ஐயா. சுருதி ஏற்றும் சாவி உங்களிடம்தானே இருக்கிறது?"