"ரெண்டும்தான்டி"

தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறேன். போன வாரப் பாடம், ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்கர் 1966-ல் வெளியிட்ட ஒரு கேள்வித்தாள். நமக்கு நடப்பது நம் கையில் இருக்கிறது என்று நம்புகிறோமா, வெளியே எங்கோ இருக்கிறது என்று நம்புகிறோமா என்பதை அளக்கிறது. மொத்தம் 29 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

முடிச்சூர் வீட்டில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கஷ்டம் வருவது நேரம் சரியில்லாததாலா, நாம் செய்த தப்பாலா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்டி."

"ஒண்ணுதான் சொல்லணும்மா."

"அப்போ கேள்விதான் தப்பு."

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி வந்தபோது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சேற்றை வழித்துக்கொண்டே, "வரணும்னு இருந்தது, வந்துடுச்சு" என்றாள். தண்ணீர் போகிற வழியெல்லாம் வீடு கட்ட விட்டுவிட்டு விதியைச் சொல்வதா என்று கத்தினேன். அந்தக் கோபம் இன்றும் எனக்குக் குறையவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்ள விதி ரொம்ப வசதியான சொல்.

ஆனால் அதே அம்மாதான் அடுத்த மழைக்குள் சீட்டுப் பணத்தை எடுத்து வாசற்படியை ஒன்றரை அடி உயர்த்தினாள். பீரோ நான்கு கல்லின் மேல் ஏறியது. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, என் மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே அரிசிப் பை சுற்றி, சணல் கயிற்றால் கட்டிப் பரணில் வைத்தாள். 2023-ல் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் மேல்படியோடு நின்றது. "பிள்ளையார் நிறுத்திட்டார்" என்றாள். படியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1984-ல் வைஸ், ராத்பாம், பிளாக்பர்ன் என்ற மூவர் அமெரிக்காவையும் ஜப்பானையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். நிலைமையை மாற்றுவது ஒருவகைக் கட்டுப்பாடு. இருக்கிற நிலைமைக்கு நம்மைப் பொருத்திக்கொள்வது இன்னொரு வகை. அமெரிக்கர்கள் முதலாவதை அதிகம் மதிக்கிறார்கள், ஜப்பானியர்கள் இரண்டாவதை என்றார்கள். அதைப் படித்தபோதுதான் சேறு வழித்த அந்த நாள் எனக்குப் புரிந்தது. அன்று ராத்திரி தூங்க அம்மாவுக்கு அந்த "வரணும்னு இருந்தது" வேண்டியிருந்தது. விடிந்தால் கொத்தனாரைத் தேடிப் போக வேண்டுமே.

கேள்வித்தாளை மூடி வைத்தேன். கீரைக்காம்புகளை முறத்தில் ஒதுக்கியபடி அம்மா சொன்னாள்: "ஐப்பசி வரப்போகுது. பரண்லேருந்து அந்தப் பத்திரக் கட்டை இறக்கு, ஈரம் ஏறியிருக்கானு பார்க்கணும்."