திருடன் வெளிய வந்துட்டான், செயின் உள்ளயே இருக்கு

எங்க சித்தியோட தாலிச் செயினை ரெண்டு தடவை பறிச்சாங்கன்னு வீட்ல எல்லாரும் சொல்லுவோம். மொதல்ல பைக்ல வந்தவன், அடுத்தது கேஸு. சில வருஷம் முன்னாடி சாயங்காலம் கடைக்குப் போயிட்டு வரும்போது நடந்தது, கீழ விழுந்து கழுத்துலயும் முழங்கையிலயும் நல்ல காயம். ஸ்டேஷன்ல போனா எழுதி வாங்கிட்டு ஒரு சி.எஸ்.ஆர் ரசீது (புகார் வந்துச்சுன்னு குடுக்குற சீட்டு மட்டும்தான், வழக்குப் பதிவு இல்ல) குடுத்தாங்க, அதையே வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர்னு நெனச்சு நாங்களும் வந்துட்டோம். இந்த மாதிரி குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர் போட்டே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லியாச்சு, ஆனா அது நமக்கு எங்க தெரியும். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் போன் பண்ணி பேசுனப்புறம்தான் எஃப்.ஐ.ஆர் வந்தது.

அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல. சித்தப்பா போய் கேட்டா ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்குற ரைட்டர் "ஆளு கிடைச்சா நாங்களே கூப்பிடுவோம் சார், நீங்க ஏன் அலையுறீங்க"ன்னு மரியாதையாதான் சொல்லி அனுப்புவாரு. ஆளு கிடைச்சான், பேப்பர்ல பாத்துதான் எங்களுக்கே தெரிஞ்சது. செயினும் கிடைச்சது, அப்பாடான்னு இருந்தா, இனி அது கேஸ் ப்ராப்பர்ட்டி, கோர்ட்டுக்குப் போயிடுச்சு, வக்கீல் வச்சு மனு போட்டு வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. நகைக்கடை பில்லு கொண்டா (கல்யாணத்துக்கு வாங்குன செயினுக்கு யாரு பில்லு வச்சிருப்பா), போட்டோல கழுத்துல போட்டிருக்கிறதைக் காட்டு, சூரிட்டி குடு, விக்க மாட்டேன் உருக்க மாட்டேன் கேட்டப்போ கொண்டு வருவேன்னு எழுதிக் குடு. "நம்ம நகைக்கு நாமளே ஜாமீன் குடுக்கணுமாடா?"ன்னு சித்தி கேட்டாங்க. அதுக்குள்ள பறிச்சவன் ஜாமீன்ல வந்துட்டான், சித்தி இன்னும் மஞ்சக் கயித்தோடதான் இருந்தாங்க.

அவன் ஜாமீன்ல வந்தது தப்புன்னு நான் சொல்லல, அத மொதல்லயே சொல்லிடுறேன். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் வேணும், ஏன் கைது பண்றீங்கன்னு சொல்லணும், 24 மணி நேரத்துல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், இதெல்லாம் ரொம்ப போராடி வந்த விஷயங்க, அதுல கை வைக்கவே கூடாது. என் கேள்வி வேற. அவனுக்கு இதெல்லாம் சொல்றதுக்கு கோர்ட்ல ஒரு முறை இருக்கு, அடிபட்டவங்களுக்கு யாரு சொல்றா? நம்ம ஊர்ல கிரிமினல் கேஸ்ங்கிறது அரசாங்கத்துக்கும் அவனுக்கும் நடக்குறது, சித்தி அதுல ஒரு சாட்சி, அவ்வளவுதான். சம்மன் வந்தா போகணும், வராண்டாவுல நிக்கணும், பேரு கூப்பிட்டா உள்ள போகணும், வாய்தா போட்டுட்டா திரும்பி வரணும், அவன் சொந்தக்காரங்க அதே வராண்டாவுல நம்மளையே பாத்துட்டு நிப்பாங்க, அதையும் தாங்கிக்கணும். நாம தனியா வக்கீல் வச்சாலும் அவரு அரசு வக்கீலுக்கு உதவி பண்ணலாம், கோர்ட் அனுமதிச்சா எழுத்துல வாதம் குடுக்கலாம், அதோட சரி.

இது செயின் கதை, போனாப் போகுதுன்னு விடலாம். வாச்சாத்தியை அப்படி விட முடியாது. தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம், மலையாளி பழங்குடி மக்கள் ஊரு. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க கூட்டமா உள்ள போனாங்க. வீடுகளை உடைச்சாங்க, அடிச்சாங்க, 18 பெண்களை பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு நெஞ்சுல நிக்குது, அந்தப் பெண்களையே சந்தனக்கட்டை கடத்துனாங்கன்னு கேஸ் போட்டு ஜெயில்ல வச்சாங்க. அநியாயம் நடந்தது யாருக்கோ அவங்களேதான் அரசாங்க ஏட்டுல குற்றவாளி! மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் கோர்ட் கோர்ட்டா போய்தான் கேஸ் சி.பி.ஐ கைக்கு வந்தது. 269 பேர் மேல குற்றச்சாட்டு, 2011 செப்டம்பர் 29 தர்மபுரி கோர்ட்ல தீர்ப்பு வரும்போது அதுல 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. அப்பீல் போனாங்க. அது முடிஞ்சது 2023 செப்டம்பர் 29. ஹைகோர்ட் நீதிபதி வேல்முருகன் தீர்ப்புக்கு முன்னாடி நேராவே அந்த ஊருக்குப் போய் பாத்துட்டு வந்தாரு. அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம், அதுல பாதியை குற்றவாளிங்ககிட்ட இருந்து வசூல் பண்ணணும்னு எழுதுனாரு. 31 வருஷம்ங்க. அன்னைக்கு பதின்ம வயசுல இருந்த பொண்ணுங்க 10 லட்சத்துக்கு ஆர்டர் வரும்போது பேரன் பேத்தி எடுத்திருப்பாங்க.

பழைய கதைன்னு சொல்றவங்களுக்கு, 2019 பொள்ளாச்சி பாலியல் வழக்கு. கம்ப்ளெய்ன்ட் குடுத்த பொண்ணோட அடையாளம் போலீஸ் பேட்டியிலயும் அரசாணையிலயுமே வெளிய வந்தது, அதுக்கு அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் குடுக்கச் சொன்னது ஹைகோர்ட் மதுரை கிளை. பாடம் கத்துக்கிட்டாங்களா? 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வழக்குல எஃப்.ஐ.ஆரே வெளிய வந்து போன் போனா சுத்துச்சு, டெக்னிக்கல் கோளாறுன்னாங்க, திரும்பவும் ஹைகோர்ட் 25 லட்சம் குடுங்கன்னு சொல்லி, அந்த எஃப்.ஐ.ஆரை எழுதுன விதமே பொண்ணு மேல பழி போடுற மாதிரி இருக்குன்னு கண்டிச்சது. ரெண்டு கேஸ்லயும் அப்புறம் கடுமையான தண்டனை வந்தது, சந்தோஷம். ஆனா புகார் குடுக்கலாமா வேணாமான்னு வீட்ல உக்காந்து யோசிச்சிட்டிருக்கிற இன்னொரு பொண்ணு ஞாபகம் வச்சிக்கிறது தண்டனையையா, போன்ல சுத்துன எஃப்.ஐ.ஆரையா?

இதுல இன்னொரு கூட்டம் இருக்கு, எது நடந்தாலும் "சுட்டுத் தள்ளுங்க சார்"னு ஆரம்பிச்சிடும். சரி சுட்டாச்சு, அடிபட்டவங்களோட ஆஸ்பத்திரி பில்லை யாரு கட்டுறது, வேலைக்குப் போக முடியாம இருக்கிறவங்க வீட்டு வாடகையை யாரு குடுக்குறது? அதைப் பத்தி ஒருத்தரும் பேசுறதில்ல.

சட்டத்துல ஒண்ணுமே இல்லன்னு சொல்ல முடியாது, அதான் கடுப்பே. குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலை ஆயிட்டா பாதிக்கப்பட்டவங்களே அப்பீல் போகலாம்னு 2009ல இருந்து இருக்கு. ஜாமீன் விசாரணையிலகூட அவங்க பேச்சைக் கேக்கணும்னு 2022ல உ.பி.யில போராடுன விவசாயிகள் மேல கார் ஏத்துன லக்கிம்பூர் கேரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லி, குடுத்த ஜாமீனையே ரத்து பண்ணுச்சு. 2024 ஜூலையில வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல விசாரணை எந்த அளவுல இருக்குன்னு 90 நாளுக்குள்ள போலீஸே நமக்குச் சொல்லணும், வாட்ஸ்அப் மாதிரி எலக்ட்ரானிக் வழியிலகூட சொல்லலாம். பிடிபட்ட பொருளை போட்டோ வீடியோ எடுத்து வச்சிட்டு அதை என்ன பண்றதுன்னு சீக்கிரமா முடிவு பண்ணவும் நாள் கணக்கு போட்டிருக்கு. சித்தி காலத்துல இது இருந்திருந்தாலும் மனு போடாம வந்திருக்குமான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை இல்ல.

நஷ்ட ஈடு விஷயம் மட்டும் கொஞ்சம் தெளிவா சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேருக்கு இது தெரியல. உயிர்ச்சேதம், பாலியல் குற்றம், ஆசிட் வீச்சு, பெரிய காயம் இந்த மாதிரி கேஸ்ல குற்றவாளி பிடிபடவே இல்லன்னாலும் அரசாங்கத்துகிட்ட நஷ்ட ஈடு கேக்கலாம், தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், இடைக்காலமா கேக்கலாம். மனு குடுக்க வேண்டியது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாவட்ட கோர்ட் வளாகத்துல கேட்டா காட்டுவாங்க. எஃப்.ஐ.ஆர் காப்பி கையில இருக்கணும், அது உங்களுக்கு இலவசமா தர வேண்டியது, காசு கேட்டா குடுக்காதீங்க. ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியலன்னா 15100, இலவச சட்ட உதவி நம்பர்.