பாப்பாவுக்கு 121 கிராமில் ஒரு நூல் ஸ்வெட்டர்

மார்கழியில் சென்னையின் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் காசிமேட்டில் என் தங்கை வீட்டு மாடியில் அடிக்கும் கடற்காற்றில் அவளுடைய எட்டு மாதப் பேத்தியை வெறும் சட்டையோடு தூக்கிக்கொண்டு நிற்க முடிவதில்லை. கடையில் வாங்கிய அக்ரிலிக் ஸ்வெட்டரைப் போட்டாலோ, வெயில் ஏறும் முன்பே பாப்பாவின் பிடரி வியர்த்து வேர்க்குரு வந்துவிடுகிறது. அதனால் பருத்தி நூலில் நானே பின்னித் தருவதாகக் கார்த்திகை மாதத்தில் ஒப்புக்கொண்டேன்.

நான் குடியிருக்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றியதால் உருவான ஊர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து மூன்று கண்டு நூலுக்காக மெட்ரோவில் மண்ணடிக்குப் போய், அங்கிருந்து சவுகார்பேட்டைச் சந்துகளில் அலைந்தேன். நூல் எளிதாகக் கிடைத்தது, ஊசியில்தான் ஏமாந்தேன். என்னிடம் இருந்த செய்முறை அமெரிக்க முறையில் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்காமல் "மூணாம் நம்பர் ஊசி" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அமெரிக்கக் கணக்கில் 3 என்றால் 3.25 மி.மீ. நம் ஊரில் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும். அதில் 3 என்பது 6.5 மி.மீ. கனமுள்ள தடி. எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கணக்கின் 10. அம்மாவின் பழைய டப்பாவில் 10 என்று பொறித்த ஊசிகள் அத்தனை நாளும் கிடந்தன என்பது வேறு விஷயம்.

பருத்தி என்றாலே லேசு என்று நினைத்திருந்ததும் தவறுதான். ஒரு கன சென்டிமீட்டர் பருத்தியிழை சுமார் 1.5 கிராம் இருக்கும். அக்ரிலிக் இழை சுமார் 1.2 கிராம்தான். வியர்வையை உறிஞ்சுவதில் பருத்திக்கு ஈடில்லை என்றாலும், நெருக்கிப் பின்னினால் அது கனத்துப்போகும். 3.25 மி.மீ. ஊசியில் பின்னிய முதல் மாதிரித் துண்டில் 10 செ.மீ. அகலத்துக்கு 26 கண்ணிகள், அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையங்கள், வந்தன. அதைத் தடவிப் பார்த்த தங்கை, "என்னக்கா, காய்கறிப் பையா பின்றே?" என்று கேட்டுவிட்டாள். அதைப் பிரித்து 3.75 மி.மீ. ஊசிக்கு மாறியதும் 24 கண்ணிகளாகக் குறைந்து, துணி மடிந்து விழும் பதத்துக்கு வந்தது. அந்தத் துண்டைத் துவைத்துக் காயவைத்தபோது உயரத்தில் மட்டும் அரை சென்டிமீட்டர் சுருங்கியதால், எழுதி வைத்திருந்த நீளங்களையெல்லாம் சற்றே கூட்டிக்கொண்டேன்.

எட்டு மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றுதான். பாப்பாவுக்கு இரண்டுமே 44 செ.மீ. தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டருக்குக் கழுத்தைப் பெரிதாக விட வேண்டியிருக்கும் என்பதால், முன்பக்கம் திறந்து பித்தான் வைக்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னினேன். முன்பக்கங்களுக்குப் பத்துப் பத்து, கைகளுக்குப் பத்துப் பத்து, முதுகுக்கு 22 என 62 கண்ணிகளில் தொடங்கி, கழுத்திலிருந்து அக்குள் நோக்கிச் சாய்ந்து இறங்கும் நான்கு கோடுகளின் இருபுறமும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் ஒவ்வொரு கண்ணி கூட்டினால், ஒவ்வொரு முறையும் எட்டு கூடும். பதினேழு முறை கூட்டியதும் 198 ஆயிற்று. கைகளுக்கான 44, 44 கண்ணிகளை வேறொரு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, இரண்டு அக்குளிலும் நான்கு நான்கு புதிதாக ஏற்றியபோது உடம்புக்கு 118 கண்ணிகள் நின்றன. பித்தான் பட்டியையும் சேர்த்தால் சுற்றளவு 51 செ.மீ.க்குச் சற்று மேல். வளரும் பிள்ளைக்கு அந்த இடைவெளி வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் கை தவறியது. மெட்ரோவில் நின்றபடி பின்னிய ஒரு நாளில் இடது கையோரம் கூட்ட மறந்து, ஆறு வரிசைகளுக்குப் பிறகே கவனித்து, அவ்வளவையும் பிரித்தேன். நம் புழுக்கத்தில் அலுமினிய ஊசி வியர்வை பட்டு வழுக்காமல் ஒட்டிக்கொண்டதோடு, வெள்ளை நூலில் சாம்பல் நிறக் கோடும் போட்டது. மூங்கில் ஊசிக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. கம்பளிபோலப் பருத்தி இழுத்தால் மீண்டு வராது என்பதால், கீழ் விளிம்பையும் மணிக்கட்டையும் 3.25 ஊசியில் இறுக்கிப் பின்னினேன்.

பூப்போன்ற துளைகள் வைக்கும்படி மருமகள் கேட்டாள். பாப்பாவின் விரல் சிக்கும் என்று மறுத்துவிட்டேன். இரண்டு நிறம் கலந்து பின்னினால் உட்புறம் ஓடும் தளர்ந்த நூலிலும் அதே ஆபத்து இருப்பதால் ஒரே நிறத்தில் முடித்தேன். கழுத்தில் நாடா வைக்கவில்லை. ஐந்து பித்தான்களையும் இரட்டை நூலில் தைத்து, ஒவ்வொன்றையும் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்த பிறகே கொடுத்தேன். கையில் எடுப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது அது.

தராசில் 121 கிராம் காட்டியது. போட்டுப் பார்த்ததில் கை மட்டும் இரண்டு விரல் நீளம், மடித்துவிட்டிருக்கிறோம். ஒரு வாரமாகப் பிடரியில் வேர்க்குரு இல்லை. மேலிருந்து கீழே பின்னியதால், பாப்பா வளர்ந்ததும் அடி விளிம்பைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். அதற்காக மீந்த 29 கிராம் நூலையும் சிட்டமாகக் கட்டித் தங்கையிடமே கொடுத்து, ஸ்வெட்டரைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துத் துவைக்கச் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் பிறகு ஒட்டுப்போட்ட இடம் நிறத்திலேயே தெரிந்துவிடும்.