அப்பத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு

சித்தப்பா உயில் எழுதி வைக்கவில்லை. வில்லாபுரத்தில் அவர் கட்டிய வீடு, மேலூர் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் வாங்கிய கொஞ்சம் நஞ்சை, வங்கியில் ஒரு வைப்புத்தொகை. இவ்வளவுதான். ஆனால் சின்னம்மாவின் மிச்ச வாழ்க்கை அதை நம்பித்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே சொந்தக்காரர்கள் பத்திரப் பேச்சை எடுத்துவிட்டார்கள். வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடலாம், தங்கச்சிக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே, அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். பத்திரம் எழுதுகிற ஒருவர் வரைவையே கொண்டுவந்து கொடுத்தார். அதில் அப்பத்தாவின் பெயரே இல்லை.

அப்பத்தா, சித்தப்பாவைப் பெற்ற தாய். எண்பதைத் தாண்டியவர். மகனை அனுப்பிவிட்டு, அதே வீட்டில்தான் இருக்கிறார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு தாயும் சேர்த்தி. தகப்பனார்கூட அடுத்த வகுப்பில்தான் வருகிறார். சித்தப்பாவின் சொத்து நான்கு சம பங்கு: சின்னம்மா, தம்பி, தங்கச்சி, அப்பத்தா. நகை போட்டதற்கும் இந்தக் கணக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வக்கீலைப் பார்க்கலாம் என்றதும் சின்னம்மா பயந்தார். செலவு ஒரு பக்கம், கோர்ட் வாசலை மிதித்தால் ஊர் என்ன பேசும் என்பது இன்னொரு பக்கம். செலவுப் பயத்துக்குப் பதில் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது. பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தரவேண்டும். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் அங்கங்கே உள்ள வட்டக் குழுவிலேயே கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா முதலில் கேட்டது, "சுயசம்பாத்தியமா, பூர்வீகமா?" என்றுதான். பூர்வீகமாக இருந்தால் பங்குக் கணக்கே வேறு. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பார்த்து, இரண்டுமே சித்தப்பா சம்பாதித்து வாங்கியது என்று உறுதி செய்துகொண்டார். வங்கிப் பணத்துக்குத் தம்பிதான் நாமினி, அதனால் அது முழுக்கத் தனக்குத்தான் என்று அவன் நினைத்திருந்தான். நாமினி பணத்தை வாங்கலாம், ஆனால் வாரிசுகளுக்காகத்தான் வாங்குகிறார் என்று வக்கீலம்மா சொன்னார். கம்பெனிப் பங்குகளில் இதையே 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பி நல்ல பிள்ளை. சொன்னதும் புரிந்துகொண்டான்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வக்கீலம்மா எங்களையெல்லாம் வெளியே இருக்கச் சொன்னார். அப்பத்தா விரும்பியதால் துணைக்கு நான் மட்டும் உள்ளே இருந்தேன். "ஆத்தா, உங்க பங்கை என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்" என்று அவர் கேட்க, அப்பத்தா எப்போதும் சொல்வதையே சொன்னார்: "எனக்கெதுக்குத்தா பங்கு? கஞ்சி ஊத்துனாப் போதும்." வேறு யாராக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கைநாட்டை வாங்கியிருப்பார்கள். வக்கீலம்மா அவசரப்படவில்லை. பங்கை எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும், வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். எதுவும் எழுதிவைக்காமல் அப்பத்தா காலமானால் அந்தப் பங்கில் அவருடைய மகளுக்கும், சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் உரிமை வரும், சின்னம்மாவுக்கு அதில் வராது என்றார்.

அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எம் மகளுக்கும் வருமா?"

உசிலம்பட்டியில் இருக்கும் அத்தை கஷ்டப்படுகிறார். அப்பத்தாவின் மனசில் அது இத்தனை நாளாக இருந்திருக்கிறது, யாரும் கேட்டதில்லை. "இப்ப எதுலயும் கை வைக்க வேணாம்த்தா. என் பங்கு என் பேர்லயே இருக்கட்டும். மருமக கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று முடிவாகச் சொன்னார். பெற்ற மகனை இழந்த கிழவியிடம் யாராவது ஒருவர் உட்கார்ந்து இப்படிக் கேட்க வேண்டும். அதற்காகவே வக்கீல் உதவி வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஊர்ப் பெரியவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் அப்பத்தாவின் குரல் எழும்பியிருக்காது.

அந்த வரைவில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ விசாரணை எல்லாம் முடிந்து, அப்பத்தா பெயரோடு வந்துவிட்டது. யார் யார் வாரிசு என்று காட்டத்தான் அந்தச் சான்றிதழ். பங்கை முடிவு செய்வது அதுவல்ல, சட்டம்தான். நாலு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனு போட்டிருக்கிறோம். வீட்டில் சின்னம்மாவும் அப்பத்தாவும் இருக்கிறார்கள், அதை இப்போதைக்கு யாரும் பிரிக்கப் போவதில்லை. நஞ்சையைக் குத்தகைக்கு விடுவதா, தம்பியே பார்ப்பதா என்பதை மட்டும் அடுத்த நடவுக்குள் பேசி முடிக்க வேண்டும். அத்தையையும் வரச் சொல்லியிருக்கிறோம்.