கருப்பைவாய் மாதிரியில் ஹெர்பிஸைத் தேடும்போது

கருப்பைவாயிலிருந்து சுரண்டியெடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிய பாப் ஸ்மியர் ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதே எனது அன்றாட வேலை. எப்போதாவது ஒரு ஸ்லைடில் கண் அப்படியே நின்றுவிடும். ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின் விளிம்புக்கேற்ப மற்றொன்று வளைந்து பொருந்தியிருக்கும். உட்கருவின் நடுப்பகுதி தேய்த்த கண்ணாடியைப் போல மங்கியிருக்க, அதிலுள்ள டிஎன்ஏ தொகுதியான குரோமாட்டின் முழுவதும் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். சில செல்களில் நடுவே செந்நிறத் திட்டு ஒன்றும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். இவற்றைக் கண்டால், பிறப்புறுப்பில் புண்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸுக்கு ஒத்த செல் மாற்றங்கள் உள்ளன என்று, பாப் முடிவுகளை எழுதுவதற்கான பொது வகைப்பாடான பெதஸ்டா முறைப்படி அறிக்கையில் எழுதுகிறோம்.

இந்த மாற்றங்கள் தெரியவில்லை என்பதற்காக ஹெர்பிஸ் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அறிக்கையில் எதுவும் குறிப்பிடப்படவில்லையே என்று நிம்மதியோடு திரும்பிச் செல்லும் பெண்களை நினைக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. பாப் சோதனை புற்றுநோயின் முன்னறிகுறிகளைத் தேடுவதற்காக அமைந்தது. தொற்றுள்ளவர்களில் பலரின் ஸ்லைடில் வைரஸ் தாக்கிய செல்கள் அகப்படுவதே இல்லை. அகப்பட்டாலும், அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் முதல் வகையா இரண்டாம் வகையா என்பதை வடிவத்தைக் கொண்டு சொல்ல முடியாது. சின்னம்மை வைரஸும் இதே தோற்றத்தைத் தரும்.

ஆகவே வைரஸையே தேடும் வேறு சோதனைகள் தேவை. வைரஸ் வளர்ப்பு முறையில், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வீரோ (குரங்குச் சிறுநீரகச் செல்கள்) போன்ற செல் வரிசையின் மீது மாதிரியை இட்டு, செல்கள் உருண்டு உப்புகின்றனவா என்று நாள்தோறும் பார்க்கிறோம். பெரும்பாலும் 2, 3 நாட்களிலேயே தெரிந்துவிடும் என்றாலும் ஒரு வாரம் வரை காத்திருப்பது வழக்கம். இதற்கு வைரஸ் உயிரோடு வந்து சேர வேண்டும். கால்சியம் ஆல்ஜினேட் முனையுள்ள ஸ்வாப் (மாதிரி எடுக்கும் குச்சி) வைரஸைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த மாதிரியை, உறைய வைத்தால் கெடாது என்ற நல்லெண்ணத்தில் இரண்டு நாள் மைனஸ் 20 டிகிரியில் வைத்திருந்தார்கள். ஹெர்பிஸ் வைரஸுக்கு அதைவிடச் சாதாரணக் குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியே நல்லது. நெடுநாள் வைப்பதானால் மைனஸ் 70 வேண்டும். அந்த மாதிரியை வளர்த்தபோது ஒன்றும் வரவில்லை. மறுமாதிரி கேட்டபோது அந்தப் பெண்ணின் புண் ஆறிவிட்டிருந்தது. அந்த அறிக்கையில் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை.

ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமிட்டால் தொற்றுள்ள செல்கள் பச்சையாக மின்னும். விரைவான முறைதான்; ஆனால் ஸ்லைடில் போதிய செல்கள் இருந்தால்தான் பயன்.

இன்று நான் முதலில் பரிந்துரைப்பது, வைரஸின் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர். இதற்கு உயிருள்ள வைரஸ் தேவையில்லை. சிறிதளவு டிஎன்ஏ இருந்தால் போதும். வெளியே புண் எதுவும் இல்லாமல் கருப்பைவாயிலிருந்து வைரஸ் கசிந்துகொண்டிருக்கும் நாட்களிலும் அதைக் கண்டுபிடித்து, வகையையும் பிரித்துச் சொல்லிவிடும். திரவ முறை பாப் சோதனைக்கு எடுத்து மீந்த மெத்தனால் கலந்த மாதிரியில் வளர்ப்பு நடக்காது, பிசிஆர் நடக்கும். ஆனால் சளியும் ரத்தமும் வினையைத் தடுத்துவிடக்கூடும் என்பதால், வினை சரியாக நடந்ததா என்று அறிய மாதிரியோடு சேர்த்து ஓட்டும் உள்கட்டுப்பாடு (தெரிந்த டிஎன்ஏ) சரியாகப் பெருகியதா என்று பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த வேறுபாடுகளெல்லாம் மிக முக்கியமாகிவிடுகின்றன. பிரசவத்தை ஒட்டி முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பழைய தொற்று மீண்டும் தலைதூக்கினால் அது மிகக் குறைவு. பிசிஆரில் இரண்டாம் வகை இருந்து, ரத்தத்தில் அந்த வகைக்கான ஐஜிஜி எதிர்ப்பொருள் (தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களில் உடல் உருவாக்குவது) இன்னும் உருவாகாமல் இருந்தால் அது புதிய தொற்று என்று கொள்ளலாம். ஆகவே ஸ்வாபோடு ரத்த மாதிரியையும் அனுப்பி, எத்தனையாவது வாரம், புண் எப்போது தோன்றியது என்பதைக் கோரிக்கைப் படிவத்தில் எழுதிவிடுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.